விழத் தெரிந்தவனுக்கு விசா

ஓக்லாந்து நகரத்து பாட்டனி டவுன்ஸ் கடைத்தொகுதிக்குப் பின்னால் ஒரு மண்டபம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே இளம் பிள்ளைகள் சிலர் தொழில்முறை மல்யுத்தம் பழகுகிறார்கள். போன மாதம் என்னை அங்கே பேசக் கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் ஓக்லாந்து மண்டபங்களில் என்மேல் காகிதக் கோப்பை எறிந்தவர்களின் பிள்ளைகள் எனக்குக் கதிரை போட்டு, தண்ணீர் வைத்து, கை தட்டினார்கள். வயது போனால் வில்லனுக்கும் மரியாதை கிடைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் காலத்தில் இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வாயைத் திறக்கக்கூடாது. எப்படி விழுகிறோம், எப்படி அடி வாங்குகிறோம் என்பதை வெளியில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. இந்தப் பிள்ளைகளோ விழுகிறார்கள், உடனே எழும்பிப் போனிடம் ஓடுகிறார்கள், விழுந்ததை மெதுவாக ஓட்டிப் பார்த்து, தாடையை எங்கே வைத்தோம், கையை எங்கே தட்டினோம் என்று உலகத்துக்கே விளக்கம் சொல்கிறார்கள். மந்திரவாதி தொப்பியைத் திருப்பிக் காட்டிவிட்டு முயலை எடுப்பது என்றால் இதுதான். அதற்கும் சனம் கைதட்டுகிறது.

அவர்களில் ஒருத்தி ஆரணி. த்ரீ கிங்ஸில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து நர்சின் மகள். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னவள், கடைசியில் ஆங்கிலத்திலேயே ஒரு கேள்வி கேட்டாள். அங்கிள் விழுந்ததிலேயே மிகச் சிறந்த விழுகை எது, எந்த மண்டபத்தில் என்றாள்.

அதே கிழமை எங்கள் ஊர்ச் சங்கத்துச் செயலாளர் தவராசா வீட்டுக்கு வந்தார். சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறதாம். மேடையில் வாசிப்பதற்கு அவரே என்னைப் பற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தார். உதைபந்தாட்ட வீரர், மல்யுத்த வீரர், உளவாளி, போரில் முழங்காலில் குண்டு பட்டவர். குண்டு படவில்லை என்று சொன்னேன். “அதை ஆர் அண்ணை இப்ப காலைத் தூக்கிப் பாக்கப் போகினம்” என்றார். என் காலைப் பற்றி என்னைவிட அவருக்கு அக்கறை அதிகம்.

ஆரணிக்கும் தவராசாவுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். அது மண்டபத்திலும் நடக்கவில்லை, போர்க்களத்திலும் நடக்கவில்லை.

உதைபந்தாட்டத்தை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நான் ஊர்க் கழகத்தில் இடதுகரை ஆட்டக்காரன். வேகம் உண்டு, குறி கிடையாது. ஆனால் எதிராளியின் கோல் கம்பத்துக்குக் கிட்டப் போய் விழத் தெரியும். எங்கள் நடுவர்கள் அநேகமாகப் பள்ளிக்கூட வாத்திமார். ஒரு பெடியன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டால் அவர்களுக்கு மனம் பொறுக்காது, உடனே விசில் ஊதிப் பெனால்ரி கொடுத்துவிடுவார்கள். என்னைவிடத் திறமான ஆட்டக்காரர் பலர் கோல் அடிக்காமலே ஓய்வு பெற்றார்கள். நான் விழுந்து விழுந்தே பெயர் எடுத்தேன்.

உளவு வேலை அந்தப் பெயரால் வந்தது. எங்கள் உளவுத்துறை என்பது ஓலைக் கொட்டிலில் நடந்த ஒரு ரியூசன் வகுப்பு. நடத்தியவர் அம்பலம் மாஸ்டர். பகலில் அட்சரகணிதம், பின்னேரத்தில் இயக்கத்துப் பெடியளுக்கு வேலை. அவர் ஒருநாளும் கட்டளை போட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தபடி, “உமக்கு ஏலுமெண்டால் மட்டும்” என்பார். ஏலாது என்று சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை.

எங்கள் அணி கொழும்பில் ஆடப் போகும்போது பந்துப் பை என் பொறுப்பு. அதில் ஒன்று, வாரால் வாய் கட்டும் பழைய தோல் பந்து. மாஸ்டர் வாரை அவிழ்த்து, உள்ளே இருக்கும் ரப்பர்ப் பைக்கும் தோலுக்கும் நடுவில் தட்டையான ஒரு பொட்டலத்தை வைப்பார். திரும்ப இறுக்கிக் கட்டி, காற்றடித்து, பெருவிரலால் பந்தைச் சுற்றிவர அமத்திப் பார்ப்பார். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் அந்தப் பந்தை வாங்கிக்கொண்டு போய் அடுத்தநாள் தருவார். உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படைமுகாம்களின் வரைபடம் என்கிறார் தவராசா. மாஸ்டரின் அக்கா மகளுடைய சாதகமாகவும் இருந்திருக்கலாம். அவவுக்கு அந்த நாளில் கொழும்பில்தான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை வவுனியாவுக்கு முன்னால் ஆமி எங்கள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியது. பைகளைக் கொட்டினார்கள். அந்தச் சோதனைச் சாவடிக்குப் பொறுப்பான சார்ஜன்ட் நடுத்தர வயதுக்காரர். பழைய தோல் பந்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பள்ளிக்கூடக் காலத்தில் இப்படியான பந்தில்தான் ஆடியவராம். துவக்கை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, வீதியோரப் புல்லில் எங்களை ஆட வரச் சொன்னார். படைக்காரன் கேட்டால் ஆடத்தான் வேண்டும்.

பந்து உருண்டவிதம் எனக்கே பிடிக்கவில்லை. ஒருபக்கம் பாரம் கூடி, குடிகாரன் போல வளைந்து வளைந்து போனது. இரண்டு தரம் உதைத்தவுடன் சார்ஜன்ட் நின்றுவிட்டார். பந்தை எடுத்துக் காதடியில் வைத்துக் குலுக்கினார். ஆட்டம் தெரியாத ஒருவனாக இருந்திருந்தால் அந்தச் சந்தேகம் வந்திருக்காது. நல்ல ஆட்டக்காரனிடம் அகப்பட்டது என் கெட்ட காலம். பந்தை வெட்டிப் பார்த்தால் எங்கள் அணியில் ஒருவரும் வீடு போக மாட்டோம். பந்துக்குள் ஏதோ இருக்கிறது என்றே அறியாத அப்பாவிகள் மற்றவர்கள்.

பந்தை என் பக்கம் போடும்படி கையைக் காட்டினேன். இன்னொருக்கால் ஓட்டம் பார்க்க நினைத்தாரோ என்னவோ, போட்டார். பாய்ந்து போனேன். வலது காலை ஊன்றி உடம்பைத் திருப்பி, முழங்கால் முறிந்தவன்போல விழுந்தேன். வழக்கமாக விழும்போதே கத்துவேன். அன்றைக்குப் பயத்தில் சத்தம் வரவில்லை. மூச்சு ஒன்று எடுத்த பிறகுதான் கத்தினேன். அந்தக் கத்தலில் என் சொந்தச் சகாக்களே அழத் தொடங்கிவிட்டார்கள்.

சார்ஜன்ட் ஓடிவந்து முழங்காலில் நின்றார். தானே தைலம் எடுத்துவரச் சொல்லித் தன் கையால் தடவினார், மட்டை வைத்துக் கட்டினார். தலை மண்ணில் கிடக்கிறதே என்று, பக்கத்தில் கிடந்த அந்தப் பந்தையே எடுத்து என் தலைக்கு அணையாக வைத்தார். பந்தும் நானுமாகத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் வெளிக்கிடும்போது அந்த மனிதர் எனக்குக் கை காட்டினார். நான் ஏமாற்றியவர்களில் அவரைப்போல நல்லவர் இல்லை. இப்போதும் அவரை நினைத்தால் மனம் ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

பிறகு ஆமிக்காரர் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரோடு பழகியவர்களைத் தேடி வந்தார்கள். நான் மனைவி மலரையும் கைப்பிள்ளையையும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விட்டுவிட்டு, ஏஜென்சிக்காரன் காட்டிய விமானங்களில் மாறி மாறி ஏறினேன். கடைசி விமானம் ஓக்லாந்தில் நின்றது. வந்து இறங்கியதும் அகதியென்று சொல்லி விண்ணப்பித்தேன். வழக்கு முடியும்வரை வேலை செய்ய விட்டார்கள். ஏவன்டேலில் ஒரு அறை, ஒரு கழகத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

அங்கேயும் விழுந்து ஒரு பெனால்ரி வாங்கினேன். ஆட்டம் முடிந்ததும், காது இரண்டும் நசுங்கிய ஒரு கிழவர், இறைச்சி அடைத்துச் சுடும் ‘பை’ என்ற இந்த ஊர்ப் பணியாரம் ஒன்றைப் பாதி தின்றபடி என்னிடம் வந்தார். கெவின். பழைய மல்யுத்தக்காரர், அப்போது மண்டபங்களில் மல்யுத்தக் காட்சி நடத்திக்கொண்டிருந்தார். இப்படி விழுகிறவன் உதைபந்தாட்டத்தில் காலத்தை வீணாக்கக்கூடாது என்றார். வேலைக்கு எடுத்துவிட்டு, எனக்கு “மெட்ராஸ் மகாராஜா” என்று பெயர் வைத்தார். யன்னல் சீலையில் தலைப்பாகை, கழுத்தில் பிளாஸ்டிக் நாகபாம்பு. நான் மெட்ராஸ் அல்ல, யாழ்ப்பாணம் என்று விளக்கினேன். கெவின் பொறுமையாகக் கேட்டார். வில்லன் ஒருவனைக் கூவி ஏசுவதற்கு அவன் எந்த ஊர் என்று சனத்துக்குத் தெரியவேண்டும், உன் ஊர் இங்கே ஒருவருக்கும் தெரியாது என்றார். ஒரு நாட்டைப் பிரித்துத் தா என்று சண்டை நடந்துகொண்டிருக்க, அந்தக் கிழவர் ஒரு பாலமும் போடாமல் என்னை இந்தியாவோடு இணைத்துவிட்டார்.

ஆனால் தொழில் தெரிந்தவர். கெவின் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை, ஒருநாளும் புகழ்ந்ததுமில்லை. பிழையாக விழுந்தால் பை தின்பதை நிறுத்துவார். சரியாக விழுந்தால் தொடர்ந்து தின்பார். நாங்கள் எல்லோரும் அந்தத் தாடையைப் பார்த்துத்தான் பழகினோம். தாடையை நெஞ்சில் ஒட்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தட்டட்டும், உள்ளங்கை இரண்டாலும் பலகையை அறை, கையைப் பின்னால் ஊன்றாதே, மூச்சை வெளியில் விடு. மேடைப் பலகைக்குக் கீழே சுருள் கம்பி இருக்கும், பாதி வேலையை அது பார்க்கும். இவையெல்லாம் உடம்புக்கு. சனத்துக்கு வேறு பாடம். உண்மையில் நொந்தவன் உடனே கத்துவதில்லை, வலி வந்து சேர ஒரு மூச்சு நேரம் எடுக்கும், முதலில் மௌனம், பிறகு சத்தம் என்றார். வவுனியாவில் பயத்தால் நடந்ததுதான் சரியான முறை என்று ஓக்லாந்தில் வந்து அறிந்துகொண்டேன்.

கடைசிப் பாடம்தான் அவருக்கு முக்கியம். என்ன நடந்தாலும் வேஷத்தைக் கலைக்காதே. நொந்தாலும் நொந்ததாகக் காட்டவேண்டிய நேரத்தில் மட்டும்தான் காட்டவேண்டும்.

என் வழக்கு விசாரணைக்கு வந்தது. இங்கே இருப்பேனா, விமானத்தில் ஏற்றுவார்களா என்பது அந்த ஒரு நாளில் இருந்தது. ஏற்றினால் கொழும்பு விமான நிலையத்திலேயே என்னை வரவேற்க ஆட்கள் நிற்பார்கள், மலரல்ல. அதற்காக மரியாதையாகப் போகவேண்டுமென்று ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் புதுச் சப்பாத்து வாங்கினேன். அடியில் தடித்த ரப்பர். அந்தச் சப்பாத்து இந்தக் கதையில் முக்கியமான ஆள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரித்த அதிகாரி பிரையன். மொழிபெயர்ப்பாளர் ஸ்ரீதர், சென்னைக்காரர், பகலில் கணக்காளர். சொன்னதைச் சொன்னபடி மாற்றுவதில் அப்படியொரு கண்டிப்பான மனிதரை நான் பிறகும் சந்திக்கவில்லை. நான் “ம்” என்றால் அதையும் மாற்றிச் சொன்னார். இருமினால் இருமினார் என்று சொல்லிவிடுவாரோ என்று அடக்கிக்கொண்டிருந்தேன்.

என்ன வேலை என்று பிரையன் கேட்டார். மல்யுத்தம் என்றேன். என்ன பெயரில் என்றார். சொன்னேன். ஸ்ரீதர் மாற்றுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டார்.

“அந்த மெட்ராஸ் மகாராஜா நீங்கதானா சார்? உங்களாலதான் எங்க ஆபீஸ்ல என்னைப் பார்த்து பாம்பு மாதிரி சீறுறாங்க. நீங்க மெட்ராஸே இல்லையாமே.”

பிரையனும் என்னைப் பார்த்திருக்கிறார். மகனோடு மண்டபத்துக்கு வந்து என்னைக் கூவியிருக்கிறார். அதை மறைக்காமல் சொன்னார், நேர்மையான மனிதர். பிறகு சோதனைச் சாவடிக் கதைக்கு வந்தார். பந்து, பொட்டலம், சார்ஜன்ட், விழுந்தது எல்லாவற்றையும் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பேனையை மூடி வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை ஸ்ரீதர் ஒரு சொல் குறையாமல் தமிழில் தந்தார்.

“நீங்க பொய் சொல்றீங்கன்னு அவர் சொல்லல. நம்ப முடியலன்னு சொல்றார். மண்டபத்துல பின்வரிசையில இருந்தே அவர் பையன் நீங்க விழுறது நடிப்புன்னு கண்டுபிடிச்சுட்டானாம். பக்கத்துல நின்ன ராணுவக்காரங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு கேக்குறார்.”

என்னை அகதி இல்லை என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். ஒரு பெடியன் என் தொழிலைக் குறை சொல்லி, அதனால் மலரும் பிள்ளையும் லொட்ஜிலேயே கிடக்கவேண்டுமென்றால் எந்த மனிதன் பொறுப்பான்? மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் தெரியவேண்டுமென்றுதான் எல்லாவற்றையும் பெருப்பித்துச் செய்கிறோம் என்று வாதாடலாம். வாதத்தை ஸ்ரீதர் மாற்றுவார், பிரையன் எழுதுவார், முடிவு மாறாது. விழுந்து காட்டவேண்டியதுதான். முதலே சொல்லிவிட்டு விழுந்தால் அது காட்சி. சொல்லாமல் விழுந்து, அவர் நம்பி ஓடிவந்த பிறகு எழும்பிச் சிரிக்கவேண்டும்.

தண்ணீர் வேண்டுமென்று கேட்டேன். கூசா சுவரோர மேசையில் இருந்தது. எழும்பிப் போய், திரும்பும்போது வவுனியாவில் விழுந்த அதே விழுகையை விழுந்தேன். வலது காலை ஊன்றி உடம்பைத் திருப்புவது. அங்கே புல், கால் வழுக்கிக் கொடுத்தது. இங்கே அரசாங்கத்துக் கார்ப்பெட். புதுச் சப்பாத்தின் ரப்பர் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. நடுவில் இருந்த முழங்கால் என்ன செய்யும்? உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

முதலில் மௌனம். பிறகு சத்தம். கெவின் பார்த்திருந்தால் பையை முழுதாகத் தின்று முடித்திருப்பார்.

பிரையன் கதிரையைத் தள்ளிவிட்டு ஓடிவந்து முழங்காலில் நின்றார். தன் கோட்டைக் கழற்றி மடித்து என் தலைக்கு அணையாக வைத்தார். எனக்கு அந்தச் சார்ஜன்ட்டின் நினைவு வந்தது. அம்புலன்ஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். நான் நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது, ஒன்றைத் தவிர. இப்போது நான் எழும்பிச் சிரிக்கவேண்டும். எழும்பாவிட்டால் நான் நடிக்கத் தெரிந்தவன் அல்ல, தண்ணீர் எடுக்கப் போய்த் தடக்கி விழுந்த ஒரு மடையன். வழக்கு அதோடு சரி. எழும்பவோ கால் இல்லை.

வலியில் புத்தி மழுங்கி, குனிந்து நின்ற ஸ்ரீதரிடம் மெல்லச் சொன்னேன். “அண்ணை, உண்மையாவே கால் போயிட்டுது.”

என்ன சொல்கிறார் என்று பிரையன் கேட்டார்.

ஸ்ரீதர் என் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். “ம்” என்றதைக்கூட விடாத மனிதர். சொன்னதைச் சொன்னபடி சொல்லிவிட்டால் நான் விமானத்தில் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் நிமிர்ந்து, கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, தெளிவான ஆங்கிலத்தில் மாற்றினார்.

“இப்போது நம்புகிறீர்களா என்று கேட்கிறார்.”

பிரையனின் முகம் சிவந்தது. அம்புலன்ஸுக்கு எடுத்த போனைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தன் மகனிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று தலையிலடித்துச் சிரித்தார். கையைக் கொடுத்து என்னை எழும்பச் சொன்னார்.

எழும்பினேன். கதிரைவரை நடந்தேன். கும்பிட்டேன். மிச்சக் கேள்விகளுக்கு இருந்து பதில் சொன்னேன். முடிந்ததும் எழும்பி, கதவுவரை, மின்தூக்கிவரை, வாசல்வரை நொண்டாமல் நடந்தேன். பொய்யாய் நோவது சின்ன வேலை. உண்மையில் நொந்துகொண்டு, நொந்ததெல்லாம் பொய் என்று காட்டுவதற்கு எந்த மண்டபத்திலும் பயிற்சி கிடையாது. ஆரணி, என் சிறந்த விழுகை எதுவென்று கேட்டாயே, அது விழுகை இல்லை பிள்ளை. அந்த நடைதான்.

வீதியில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்ரீதரின் கார் வந்து நின்றது. விண்ணப்பதாரரோடு வெளியில் பேசவே கூடாது என்பது அவர்களுடைய விதி. கதவைத் திறந்துவிட்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் ஏசிக்கொண்டே ஓட்டினார்.

“இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை மாத்திச் சொன்னதில்ல சார் நான். அதுவும் போயும் போயும் மெட்ராஸ் மகாராஜாவுக்காக.”

விசா வந்தது. முழங்கால் முழுதாகத் திரும்பி வரவில்லை. அதன்பிறகு மேடையில் விழ முடியாமல், மற்ற வில்லன்களுக்கு மனேஜராகப் பாம்போடும் ஊன்றுபொல்லோடும் நொண்டிக்கொண்டு வந்தேன். வயது போய் நிறுத்தும்வரை அதுதான் வேலை. நொண்டுவது அபாரமான நடிப்பு என்று சனம் சொன்னது. கெவினுக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அந்த நடையைத் தான் பார்க்கவில்லையே என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே புகழ்ச்சி அதுதான்.

ஆரணியிடம் இதையெல்லாம் சொன்னபோது அதற்கு வீடியோ இருக்கிறதா என்று கேட்டாள். தவராசாவிடமும் சொன்னேன். கார்ப்பெட்டில் விழுந்ததை மேடையில் வாசித்தால் சங்கத்துக்கு மரியாதை இல்லை, குண்டே இருக்கட்டும் என்று போய்விட்டார். சார்ஜன்ட்டிடம் ஒரு பொய், பிரையனிடம் ஒரு பொய், எல்லாம் உயிருக்காக. இந்தக் குண்டுப் பொய் பொன்னாடைக்காக. நான் அந்த மேடைக்குப் போகவில்லை.

உண்மையைச் சொன்னால் நம்புவதற்கு ஒருத்தியாவது இருந்தாள் என்று எழுத ஆசைதான். மலரும் பிள்ளையும் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் காத்திருந்தேன். விசா வந்ததை மட்டும் தொலைபேசியில் சொல்லியிருந்தேன், காலைப் பற்றிச் சொல்லவில்லை. கதவு திறந்து இரண்டு பேரும் வெளியில் வர, நான் நொண்டி நொண்டி ஓடினேன். மலர் அப்படியே நின்றுவிட்டாள். பெனால்ரிக்கு விழுந்த காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“காணும் உங்கட நடிப்பு. பிள்ளை பாக்குது, ஒழுங்கா நடந்து வாங்கோ.”

நடந்தேன். அதுதான் எனக்குப் பழக்கமாயிற்றே.